மழை நாளில் வண்டி: அடி அண்ணாமலையிலிருந்து புறப்படுகிறவர்களுக்கு

அடி அண்ணாமலைக்கு மழை இரண்டு பக்கமிருந்து வருகிறது. ஆனி, ஆடியில் தொடங்கிப் புரட்டாசி வரை பெய்வது சாயங்காலத்து இடிமழை. பெரும்பாலும் மேற்கே செங்கம் பக்கம் கருத்துக்கொண்டு கிளம்பும். முதலில் காற்று, பிறகு புழுதி, அதன் பின்னால் பெரிய பெரிய துளிகள். வருவதை நின்று பார்க்கலாம். ரெயின்கோட் போட்டுக்கொள்ளும் அளவுக்காவது அவகாசம் தரும். ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அந்த மரியாதை கிடையாது. அது வங்கக் கடலிலிருந்து கிழக்கு வழியாக வருகிறது. ஊருக்குக் கிழக்கே அண்ணாமலை நிற்கிறது, கடல் மட்டத்திலிருந்து 814 மீட்டர் உயரத்தில். அந்தப் பக்கம் திருவண்ணாமலை டவுனில் கொட்டித் தீர்க்கும் மழை மலையைத் தாண்டி நம் தலையில் விழும்வரை இங்கே தெரியாது. மலையைச் சுற்றியுள்ள எட்டுத் திசை லிங்கங்களில் மழைத் தெய்வம் வருணனுடையது இந்த மேற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது என்பதால் புகார் சொல்லவும் வழியில்லை.

ஆகவே கார்த்திகை மாதத்தில் வானத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டவுனுக்குப் போய்ப் பால் வாங்கி வருவதானாலும் ரெயின்கோட் வண்டியில் இருக்கட்டும். மலையைச் சுற்றிவரும் கிரிவலப் பாதை மொத்தம் 14 கிலோமீட்டர். செங்கம் ரோடு வழியாகப் போனாலும் காஞ்சி ரோடு வழியாகப் போனாலும் இங்கிருந்து டவுன் ஏறக்குறைய பாதிச் சுற்றுத் தொலைவு. அந்தத் தூரமே ஒருவனைத் தெப்பலாக நனைத்துவிடப் போதும்.

நனைவதைப் பற்றி முதலில் பேசக் காரணம் உண்டு. மழையில் விழுகிறவர்களைப் பார்த்தவரையில், பாதிப் பேருக்கு மேல் நன்றாக வண்டி ஓட்டத் தெரிந்தவர்கள். சட்டை முதுகோடு ஒட்டி, கண்ணில் தண்ணீர் ஓடி, உடம்பு வெடவெடக்க, 'சீக்கிரம் வீடு போய்ச் சேர்ந்தால் போதும்' என்று ஆக்சிலேட்டரை முறுக்கும்போதுதான் விழுகிறார்கள். நனைந்த சட்டையோடு 50 கிலோமீட்டர் வேகத்தில் போனால் நம் ஊர் வெயில் காலத்து மழையில்கூட விரல் விறைக்கும். விறைத்த விரல் பிரேக்கைத் தேடிப் பிடிக்க நேரமெடுக்கும். ரெயின்கோட்டைத் துணிமணிக் கணக்கில் சேர்க்காமல் பிரேக், டயர் கணக்கில் சேர்த்து வாங்குங்கள்.

உடம்பு

மேல் ஒன்று, கீழ் ஒன்று என இரண்டு பகுதியாக உள்ள ரெயின்கோட்டே வண்டிக்கு ஏற்றது. தலை வழியாக மாட்டிக்கொள்ளும் போர்வை மாதிரியான கோட்டு நடந்து போகிறவர்களுக்கு. வண்டியில் அது காற்றில் உப்பி உங்களைப் பக்கவாட்டில் இழுக்கும், ஓரம் சக்கரத்தில் மாட்டும்.

கடையில் எல்லா ரெயின்கோட்டும் தண்ணீர் புகாதது என்றுதான் சொல்வார்கள். துணி புகவிடாது, தையல் புகவிடும். உள்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். தையல் நெடுகப் பளபளப்பான டேப் ஒட்டியிருக்க வேண்டும். முக்கியமாகப் பேன்ட்டின் கவட்டுத் தையல். வண்டியில் உட்காரும்போது டேங்குக்கும் மடிக்கும் நடுவில் ஒரு சின்னக் குட்டை தேங்கும். ரெயின்கோட் போட்டும் உள்ளாடை நனைந்துவிட்டது என்று குறைப்படுகிறவர்கள் எல்லாம் அந்தக் குட்டையால் நனைந்தவர்கள். புதிதாக வாங்கியதும் வீட்டு வாசலில் ஸ்டாண்டு போட்ட வண்டியில் அதைப் போட்டுக்கொண்டு உட்காருங்கள். மடியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றச் சொல்லுங்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரிப்பார்கள். கார்த்திகையில் ஊத்தங்கரைக்கு அப்பால் தெரிந்துகொள்வதைவிட வாசலில் தெரிந்துகொள்வது மேல்.

அளவு ஒன்று பெரியதாக எடுங்கள். நிற்கும்போது சரியாக இருக்கும் பேன்ட், முட்டி மடங்கியதும் கணுக்காலுக்கு மேலே ஏறிவிடும். கிளவுஸின் மணிக்கட்டுப் பகுதி கோட்டின் கைக்கு உள்ளே இருக்கட்டும். வெளியே விட்டால் கை வழியாக ஓடிவரும் தண்ணீர் நேரே கிளவுஸுக்குள் இறங்கி விரல் ஊறும். ஷூவோடு பேன்ட்டை மாட்டச் சிரமமாக இருந்தால், காலில் ஒரு பிளாஸ்டிக் கவரைச் சுற்றிக்கொண்டு நுழைத்தால் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்தக் கவரை உருவி மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பவும் வேண்டியிருக்கும்.

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொள்ளும் பழக்கம் நம்மிடம் உண்டு. வெயிலுக்கு அது நல்லது. மழையில் துண்டின் வெளிமுனை தண்ணீரை உறிஞ்சி உள்முனை வழியாக மார்புக்கு இறக்கும். துண்டைப் பிளாஸ்டிக் கவரில் காய்ந்ததாக வைத்திருங்கள். நின்றதும் தலையையும் கையையும் துடைத்துக்கொள்ளலாம். செருப்புக்கும் ஒரு சொல்: அவாய் செருப்பு ஈரத்தில் ஃபுட்ரெஸ்டிலும் கியரிலும் வழுக்கும், காலை ஊன்றும்போது கழன்றுகொள்ளும். ஷூ இல்லையென்றால் பின்பக்கம் வார் போட்ட செருப்பாவது போடுங்கள்.

நிறத்தில் நம்மவர்களுக்குக் கறுப்பும் கருநீலமும்தான் பிடிக்கின்றன, அழுக்குத் தெரியாதாம். அடைமழையில் எதிரே வரும் லாரிக்காரருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள். மஞ்சள், ஆரஞ்சு, வெளிர்பச்சை எதுவாவது எடுங்கள். கறுப்பே வாங்கியாகிவிட்டது என்றால் முதுகில் ஒளி திருப்பும் ஸ்டிக்கர் பட்டை இரண்டு ஒட்டினால் போதும்.

எப்போது போட்டுக்கொள்வது? முதல் துளி ஹெல்மெட்டில் விழுந்ததும். 'இன்னும் கொஞ்ச தூரம்தானே' என்று ஓட்டி, நனைந்த பிறகு போட்டுக்கொண்டால் ஈரத்தை உள்ளே பூட்டிவைத்ததாகத்தான் ஆகும். கோட்டைக் கேரியரில் கயிறு போட்டுக் கட்டாதீர்கள். தளர்ந்த கயிறு செயினில் சுற்றினால் பின்சக்கரம் அப்படியே நின்றுவிடும். சைடு பாக்ஸிலோ பையிலோ வையுங்கள்.

கண்

ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள ஹெல்மெட் ஓட்டுகிறவருக்கும் பின்னால் உட்காருகிறவருக்கும் கட்டாயம் என்பது எல்லோருக்கும் தெரியும். மழை நாளில் கவனிக்க வேண்டியது அதன் கண்ணாடியை. கீறல் விழுந்த கண்ணாடி பகலில் ஒன்றும் செய்யாது. இரவு மழையில் எதிர்வண்டி வெளிச்சம் பட்டால் ஒவ்வொரு கீறலும் ஒரு கோடாக எரிந்து முன்னால் ஒன்றும் தெரியாமல் போகும். கண்ணாடி மட்டும் தனியாகக் கிடைக்கும். ஐப்பசி பிறக்குமுன் மாற்றிவிடுங்கள். கூலிங் கண்ணாடி மாட்டிய ஹெல்மெட் இந்தப் பருவத்துக்கு ஆகவே ஆகாது.

மூச்சுக்காற்றில் உள்பக்கம் பனிபிடிப்பது அடுத்த தொல்லை. பாத்திரம் கழுவும் சோப்புத் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து உள்பக்கம் தடவி, கழுவாமல் மெத்தென்ற துணியால் தேய்த்துக் காயவிடுங்கள். ஓரிரு நாள் தாங்கும். போகும்போது கண்ணாடியை ஒரு பல் மட்டும் திறந்துவைத்தாலும் பனி விலகும். வெளிப்பக்கத் தண்ணீரை இடது கைக் கட்டைவிரலால் வழியுங்கள். வலது கை ஆக்சிலேட்டரையும் முன்பிரேக்கையும் விட்டு அசையக் கூடாது.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்களுக்கு இரண்டு கண்ணாடியும் பனிபிடிக்கும். அவர்கள் இரவு மழையில் ஓட்டாமல் இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். கோபித்துக்கொள்ள வேண்டாம்.

வண்டி

டயரின் பள்ளங்கள் இருப்பதே தண்ணீரை வெளியே தள்ளத்தான். பள்ளத்துக்குள் அங்கங்கே சின்ன மேடு இருக்கும். டயரின் ஓரத்தில் சின்ன முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ அந்த இடத்தைக் காட்டும். அந்த மேட்டோடு டயர் சமமாகிவிட்டால் ஆயுள் முடிந்தது என்று பொருள். வெயில் காலத்தில் அதையும் தாண்டி ஓட்டுகிறோம், ஓடவும் ஓடுகிறது. மழையில் அந்தக் கணக்கு செல்லாது.

மழைக்குக் காற்றைக் குறைத்து வைத்தால் பிடிப்பு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. கேட்காதீர்கள். காற்றுக் குறைந்த டயர் நடுவில் உள்வாங்கும், பள்ளங்கள் இறுகி மூடிக்கொள்ளும், தண்ணீர் வெளியேற வழியிருக்காது. செயின் கவரிலோ பக்கத்திலோ கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கரில் உள்ள அளவே மழைக்கும் அளவு. இருவர் போனால் பின்சக்கரத்துக்குக் கூடுதலாகப் போட்டிருக்கும், அதையும் பாருங்கள்.

பிரேக்கில் டிரம், டிஸ்க் இரண்டும் ஈரத்தில் முதல் நொடியில் ஏமாற்றும். டிஸ்க்கின் மேல் படிந்த தண்ணீர் வழிந்துபோன பிறகுதான் பிடிக்கும். டிரம்முக்குள் தண்ணீர் போய்விட்டால் இன்னும் மோசம். மிதித்தாலும் வண்டி நில்லாமல் போய்க்கொண்டே இருக்கும். தேங்கிய தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாக ஓட்டிக்கொண்டே இரண்டு பிரேக்கையும் லேசாகத் தொட்டுத் தொட்டு விடுங்கள். சூட்டில் காய்ந்து பிடிப்பு வரும். அதை உணர்ந்த பிறகு வேகம் எடுங்கள்.

ஹெட்லைட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் எஞ்சின் ஓடினாலே விளக்கு எரியும். பழைய வண்டிக்காரர்கள் கையால் போட்டுக்கொள்ளுங்கள். மழையில் ஹை பீம் போட்டால் துளிகள்தான் பளபளக்கும், ரோடு தெரியாது.

ரோடு

மழை பெய்து ஓய்ந்த ரோட்டைவிட மழை ஆரம்பித்த ரோடு மோசமானது. வாரக்கணக்கில் படிந்த ஆயில், டீசல், டயர்த் தூள், புழுதி எல்லாம் முதல் தூறலில் குழைந்து மேலே வந்து நிற்கும். நன்றாகப் பெய்தால் கால் மணி, அரை மணியில் கழுவிக்கொண்டு போய்விடும். தூறிவிட்டு நின்றால் போகவே போகாது. முதல் தூறலில் எங்காவது கூரை தென்பட்டால் நின்று ஒரு டீ குடியுங்கள். டீக்கடை பெஞ்சில் போகும் அந்த நேரத்தில் ரோடு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்.

சந்திப்புகளிலும் பஸ் நிற்கும் இடங்களிலும் ரோட்டின் நடுப்பட்டையில் ஆயில் அதிகம் சொட்டியிருக்கும். காரும் பஸ்ஸும் போய்ப் போய்த் தேய்ந்த சக்கரத் தடம் இருக்கிறதே, அதில் ஓட்டுங்கள்; அங்கே தண்ணீரும் குறைவு, ஆயிலும் குறைவு. முன்னால் போகும் வண்டியின் தடத்தில் சில நொடிகளுக்குத் தார் தெரியும். அந்தத் தார்தான் உங்கள் பாதை.

வழுக்குவதில் முதலிடம் வெள்ளைப் பெயின்ட்டுக்கு. நடந்து கடக்கும் கோடுகள், அம்புக்குறி, வேகத்தடையில் அடித்த பட்டை எல்லாமே ஈரத்தில் சறுக்கும். அடுத்தது இரும்பு: சாக்கடை மூடி, பாலத்தின் இணைப்புத் தகடு. இவற்றின் மேல் போவதில் தப்பில்லை. போகும்போது பிரேக், ஆக்சிலேட்டர், திருப்பம் மூன்றில் எதையும் செய்யாமல் நேராக உருண்டு போனால் ஒன்றும் ஆகாது. வேகத்தடைக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள், அதன் மேலேறிய பிறகு பிரேக் பிடிக்காதீர்கள்.

இந்த வட்டாரத்துக்கே உரிய சில வழுக்கல்கள் உண்டு. பிற ஊர்ப் புத்தகங்களில் இவை இருக்காது என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை, ஒவ்வொரு கடை வாசலிலும் பட்டறை வாசலிலும் திருஷ்டிப் பூசணி உடைந்து கிடக்கும். குங்குமத்தில் ஊறிய சதை, லாரிச் சக்கரம் ஏறிக் கூழாகி, ரோட்டில் ஒரு கை அகலத்துக்கு இழுபட்டிருக்கும். சிவப்பாகத் தெரிவதால் காய்ந்த ரோட்டில் தப்பிவிடலாம். பருவமழை தொடங்கும் வேளையும் அதுவே. ஒரு தூறலில் குங்குமம் கரைந்து ஓடிவிட, வெளிறிய கூழ் மட்டும் தாரோடு ஒட்டி நிற்கும். பார்த்தால் ஈரமான ரோடு போலவே இருக்கும். கூழின் நடுவே விதைகள் உருளும். முன்சக்கரம் அதில் ஏறினால் ஹேண்டில்பார் கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும். எலுமிச்சம்பழமும் சேர்ந்து கிடந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கு மட்டும் கடைவீதிப் பக்கம் போகாமல் சுற்றிப் போனாலும் நஷ்டமில்லை. உடைக்கிறவர்கள் ரோட்டை விட்டு ஓரமாக உடைத்தால் இத்தனை எழுத வேண்டியிருக்காது.

அறுவடைக் காலத்தில் கிராமத்து ரோடே களம். நெல்லும் கேழ்வரகும் மல்லாட்டையும் காயும், வைக்கோல் பரப்பியிருக்கும். திடீர் மழை வந்தால் தானியத்தை வாரிக்கொண்டு ஓடுவார்கள், வைக்கோல் அப்படியே கிடக்கும். ஈர வைக்கோலின் மேல் டயருக்குப் பிடிப்பே இல்லை. மழையில் ஊறிய வயலிலிருந்து ஏறும் டிராக்டர் தன் டயரிலிருந்து சேற்றுக் கட்டிகளை வழியெல்லாம் உதிர்த்துக்கொண்டு போகும்; வயலுக்குள் இறங்கும் பாதை தென்பட்டாலே அடுத்த நூறு மீட்டருக்குச் சேறு இருக்கும் என்று எதிர்பாருங்கள்.

கிரிவலப் பாதையில் பௌர்ணமியன்று போக்குவரத்தைத் தடுத்துவிடுவார்கள், கவலையில்லை. மறுநாள் விடியற்காலை மழை பிடித்தால்தான் சங்கடம். அன்னதானப் பாக்குமட்டைத் தட்டு, வாழை இலை, பேப்பர் கப் என்று துப்புரவுப் பணியாளர்கள் அள்ளி முடிப்பதற்குள் நனைந்து தாரில் ஒட்டிக் கிடக்கும். ஆள் நடமாட்டமும் இல்லாமல் இருக்காது. பௌர்ணமி அல்லாத நாளிலும் எந்த நேரமும் யாராவது வலம் வந்துகொண்டிருப்பார்கள். மழை என்று நிற்கமாட்டார்கள். வெறுங்காலோடு, தலையில் ஒரு பிளாஸ்டிக் ஷீட்டைப் போர்த்திக்கொண்டு, ஓரத்தில் தேங்கிய தண்ணீரைத் தவிர்க்க ரோட்டுக்குள் இறங்கி நடப்பார்கள். ஷீட்டுக்குள் இருப்பவருக்கு நம் ஹாரன் கேட்காது. மாடுகளும் நாய்களும் மழையில் தார் ரோட்டுக்கே வந்து நிற்கும். இந்தப் பாதையில் மழை இரவில் 30-க்கு மேல் போகத் தேவை எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இன்னொன்று ரோட்டோரம். எதிரே வரும் பஸ்ஸுக்காகத் தாரை விட்டு மண்ணில் இறங்கும் பழக்கம் நமக்குக் கூடவே பிறந்தது. மழையில் அந்த மண் சேறு. தாருக்கும் மண்ணுக்கும் இடையே நாலு விரல் பள்ளமும் இருக்கும். இறங்கிவிட்டால் அப்படியே சாய்வாகத் திரும்ப ஏற முயலாதீர்கள். டயர் அந்த விளிம்போடு உரசிக்கொண்டு போகும், வண்டி படுத்துவிடும். வேகத்தை முழுக்கக் குறைத்து, விளிம்பை நன்றாகக் குறுக்கே வெட்டி ஏறுங்கள்.

வேகமும் பிரேக்கும்

40 கிலோமீட்டர் வேகத்தில் வண்டி ஒரு நொடியில் 11 மீட்டர் போகிறது. மாடு குறுக்கே வருவதைப் பார்த்துக் கை பிரேக்கைத் தொடுவதற்குள் அந்த நொடி போய்விடும். 60-ல் அது கிட்டத்தட்ட 17 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்க ஆகும் தூரம் இன்னும் வேகமாக ஏறும்: வேகம் ஒன்றரை மடங்கானால் தூரம் இரண்டே கால் மடங்கு. ஈர ரோட்டில் இவை அனைத்தும் நீளும். முன்வண்டிக்கும் உங்களுக்கும் உள்ள இடைவெளியை இரட்டிப்பாக்குங்கள். அந்த இடத்தில் ஒரு ஆட்டோ நுழைந்துகொள்ளும். நுழையட்டும், மறுபடி பின்வாங்குங்கள்.

மழையில் முன்பிரேக்கைத் தொடவே கூடாது என்று வண்டி பழகிய நாளில் பலருக்கும் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அது தவறான பாடம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்சக்கரத்துக்குப் போவதால் நிறுத்தும் வலு அங்கேதான் அதிகம். திடீரென்று அழுத்தினால் வழுக்கும், படிப்படியாக அழுத்தினால் நிற்கும். பின்பிரேக்கையும் சேர்த்து, வண்டி நிமிர்ந்து நேராக இருக்கும்போதே பிடித்து முடியுங்கள். வளைவுக்குள் போன பிறகு பிரேக் கிடையாது. 125 சி.சி.க்கு மேற்பட்ட வண்டிகளுக்கு 2019 ஏப்ரல் முதல் ஏ.பி.எஸ். கட்டாயமாகிவிட்டது, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது பார்த்துக்கொள்ளும். சின்ன வண்டிகளில் உள்ள சி.பி.எஸ். இரண்டு சக்கரத்துக்கும் பிரேக்கைப் பங்கிடும், அவ்வளவுதான், பூட்டிக்கொள்வதைத் தடுக்காது. உங்கள் வண்டியில் எது இருக்கிறது என்று தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

கியரைப் படபடவென்று இறக்கிக் கிளட்ச்சை வெடுக்கென்று விட்டாலும் பின்சக்கரம் சறுக்கும். எல்லாவற்றையும் கொஞ்சம் மெதுவாக, கொஞ்சம் முன்கூட்டியே செய்யுங்கள். கை இறுக ஹேண்டில்பாரைப் பிடிக்காமல், முட்டியால் டேங்கைப் பிடித்துக்கொண்டால் தோள் தளரும். சின்னச் சறுக்கலை வண்டியே சரிசெய்துகொள்ளும்.

பின்னால் உட்காருகிறவர்

சேலை, துப்பட்டா, ரெயின்கோட் ஓரம் மூன்றும் சக்கரத்தைத் தேடிப் போகக்கூடியவை. புறப்படுமுன் இடுப்பில் செருகியாகிவிட்டதா, சேலைக் காப்புக் கம்பி வண்டியில் இருக்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்ப்பது ஓட்டுகிறவரின் வேலை. ஒருபக்கமாக உட்காருவதை மழை நாளில் மட்டுமாவது தவிர்த்து, சுடிதாரோ வேறு உடையோ போட்டு இருபுறமும் கால் போட்டு உட்காரலாம்.

குடை கூடவே கூடாது. பின்னால் இருப்பவர் விரித்த குடையில் பக்கக் காற்று அடித்தால், முதலில் அவர் கை போகும், பிறகு வண்டி போகும். ஓட்டுகிறவருக்குக் குடையின் விளிம்பு கண்ணையும் மறைக்கும். வாடகை ஸ்கூட்டி எடுத்துச் சுற்றும் வெளியூர்ப் பக்தர்களிடமும் வெள்ளைக்காரர்களிடமும் இந்தக் காட்சியை அடிக்கடி பார்க்கலாம். நம்மவர்கள் குறைச்சல் என்றும் சொல்ல முடியாது. குழந்தையை டேங்கின் மேல் உட்காரவைத்து மழையில் போவதைப் பற்றிச் சொல்ல எனக்கு நல்ல வார்த்தை வரவில்லை. ஆட்டோ பிடியுங்கள்.

ஓடும் தண்ணீர்

தேங்கிய தண்ணீரையும் ஓடும் தண்ணீரையும் ஒன்றாக எண்ணக் கூடாது. தேங்கியதில், வேறொரு பைக் கடந்துபோவதைப் பார்த்து ஆழம் தெரிந்தால், முதல் கியரில், ஆக்சிலேட்டரை ஒரே சீராகக் கொடுத்து, கிளட்ச்சைக் கொஞ்சம் பிடித்தபடி போகலாம். நடுவில் ஆக்சிலேட்டரை விட்டால் சைலன்சர் தண்ணீரை உறிஞ்சும். வண்டி நின்றுவிட்டால் அங்கேயே கிக்கரை மிதிக்காதீர்கள், பட்டனையும் அழுத்தாதீர்கள். ஏர் ஃபில்டர் வழியாகத் தண்ணீர் எஞ்சினுக்குள் போயிருந்தால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அதன் செலவைக் கேட்டால் நனைந்தது மறந்துவிடும். தள்ளிக்கொண்டு கரையேறி மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

ஓடும் தண்ணீரில் முழங்கால் அளவு வேண்டியதில்லை. ஒரு சாண் ஆழம் வேகமாக ஓடினாலே பைக்கின் பக்கவாட்டில் அடித்துத் தள்ளப் போதும், அடியில் ரோடு இருக்கிறதா என்பதும் தெரியாது. ஊர்ப்புறத் தரைப்பாலங்களில் தண்ணீர் ஓடும்போது கரையில் நாலு பேர் நிற்பார்கள். "அந்தாண்ட போவாதீங்க சார், தண்ணி இழுக்குது" என்று ஒருவர் சொன்னால் அதுதான் உங்களுக்கு வானிலை அறிக்கை. "நான் எத்தனை பார்த்திருக்கேன்" என்று பதில் சொல்லாமல் திரும்பிவிடுங்கள்.

2024-ல் ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் டிசம்பர் 1 மாலை, இந்த மலையின் அடிவாரத்தில் வ.உ.சி. நகரில் மண்ணும் பாறையும் சரிந்து ஒரு வீட்டை மூடியதில் குழந்தைகள் உட்பட 7 பேர் இறந்தார்கள். பெங்களூர்க்காரர்கள் வண்டியில் வரும் செங்கம் ரோட்டின் மேற்கே, ஊத்தங்கரையில் 24 மணி நேரத்தில் 50 செ.மீ. மழை கொட்டியது, பஸ் நிலையத்தருகே நின்ற வண்டிகளை வெள்ளம் இழுத்துப்போனது. சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வரை தண்ணீர் திறந்துவிட்டதில், தென்பெண்ணையில் அகரம்பள்ளிப்பட்டு அருகே திறந்து மூன்று மாதமே ஆன உயர்மட்டப் பாலம் அடித்துச் செல்லப்பட்டது. ஏற்கெனவே போய்வந்த ரோடு, புதுப் பாலம் என்ற தைரியமெல்லாம் அந்த மாதிரி நாளில் உதவாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்னை மண்டல வானிலை ஆய்வு மையம் சொல்லும் சொற்களுக்குக் கணக்கு உண்டு. ஒரு நாளில் சுமார் 6.5 செ.மீ.-ஐத் தாண்டினால் 'கனமழை', 11.5-ஐத் தாண்டினால் 'மிக கனமழை', 20-ஐத் தாண்டினால் 'அதி கனமழை'. முதலாவதற்கு இந்த அத்தியாயம் உதவும். இரண்டாவதற்கு, தவிர்க்க முடியாத காரணம் இருந்தால் பஸ்ஸில் போங்கள். மூன்றாவதற்கு வீட்டிலேயே இருங்கள். நீண்ட பயணமானால் அன்று காலை வந்த 'அடுத்த 3 மணி நேரத்தில்' அறிவிப்பையும் பாருங்கள். முந்தைய நாளின் அறிக்கையைவிட அது நெருக்கமாக இருக்கும். ஜவ்வாது மலைக்கு ஏறுகிறவர்கள் கனமழை நாளிலேயே திட்டத்தைத் தள்ளிவைப்பது நல்லது. கொண்டை ஊசி வளைவில் மேலிருந்து சரியும் சின்னக் கல்லும் பைக்குக்குப் பெரிய கல்.

இடி

டயர் ரப்பர் என்பதால் பைக்கில் போகிறவரை மின்னல் தாக்காது என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. அத்தனை உயரத்திலிருந்து காற்றைப் பிளந்துகொண்டு இறங்கும் மின்னலுக்கு இரண்டு அங்குல ரப்பர் தடையே இல்லை. காருக்குள் இருப்பவரைக் காப்பது அதைச் சுற்றியுள்ள இரும்புக்கூடு. பைக்குக்கு அது கிடையாது. திறந்த வெளியில், ஏரிக்கரையில், வயல் நடுவே போகும் ரோட்டில் நீங்கள்தான் உயரமான பொருள்.

மின்னலுக்கும் இடிக்கும் இடையே முப்பது வரை எண்ண முடியாவிட்டால் நிறுத்தும் நேரம் வந்துவிட்டது. புளியமரத்தடி வேண்டாம். ரோட்டோரம் வரிசையாக நிற்பதால் அதைத்தான் முதலில் தேடுவோம். இடியைத் தவிர, காற்றில் முறிந்து விழும் கிளையும் இருக்கிறது. கான்கிரீட் கட்டடம், பெட்ரோல் பங்க் அலுவலக அறை, கல்யாண மண்டபம் எதுவானாலும் உள்ளே போங்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி கழித்துக் கிளம்புங்கள். மின்னல் எங்கே விழுகிறது என்று காட்டும் 'தாமினி' செயலியைப் போனில் வைத்திருப்பது உபயோகம். போனை ஹேண்டில்பாரில் மாட்டி மழையில் விட வேண்டாம். துளிகளே திரையைத் தொட்டுத் தொட்டு மேப்பை எங்கோ கொண்டுபோய் நிறுத்திவிடும்.

வீடு வந்த பிறகு

ரெயின்கோட்டை மடிக்காமல் கொடியில் போடுங்கள். ஈரத்தோடு மடித்தால் தையல் டேப் உரியத் தொடங்கும், மூன்றாம் நாள் பூஞ்சை வாசம் வரும். ஹெல்மெட்டின் உள்பஞ்சைக் கழற்ற முடிந்தால் கழற்றி ஃபேன் அடியில் காயவையுங்கள், வெயிலில் வேண்டாம். ஷூவுக்குள் பழைய நியூஸ்பேப்பரைக் கசக்கித் திணித்தால் காலைக்குள் ஈரத்தை வாங்கிவிடும்.

வண்டியில் அன்றைக்கே செய்ய வேண்டியது செயின். மழைத் தண்ணீரும் மணலும் சேர்ந்து செயினை அரைத்துவிடும். துணியால் துடைத்து, எஞ்சின் சூடு ஆறுமுன் செயின் லூப்போ கியர் ஆயிலோ உள்பக்கமாக விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். ஸ்டாண்டில் நிற்கும் வண்டியை எஞ்சின் போட்டுச் சுற்றவிட்டு எண்ணெய் விடுகிறவர்கள் விரலை இழப்பார்கள். டிஸ்க்கின் மேல் ஒரு துளி ஆயிலும் படக்கூடாது. காலையில் டிஸ்க் மெல்லிய செந்துருவாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம், நாலு தடவை பிரேக் பிடித்தால் போய்விடும். ஸ்டார்ட் ஆகவில்லை என்றால், பழைய கார்புரேட்டர் வண்டிக்குப் பிளக் கேப்பைக் கழற்றித் துடைத்து மாட்டிப் பாருங்கள். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.-6 வண்டியானால் ஒயரையும் சென்சாரையும் நோண்டாமல் மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். இரண்டானாலும் புறப்படுமுன் தெருமுனை வரை நடை வேகத்தில் ஓட்டி, முன்பிரேக்கையும் பின்பிரேக்கையும் தனித்தனியே பிடித்துப் பாருங்கள்.